கிணற்றடியில் கழற்றி வைத்த காப்பு

சென்னிமலைக் கவுண்டருக்கு வாயில் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. களி கட்டி தட்டிப் போனால், "கெணத்துல போயி உழு" என்பார். கன்று அவிழ்த்துக்கொண்டு பாலைக் குடித்துவிட்டாலும் அதே பேச்சுதான். எருது படுத்துக்கொண்டு எழ மறுத்தால் எருதைப் பார்த்தும் அதையேதான் சொல்வார். கல்யாணமான நாள் முதல் கேட்டுக் கேட்டு, அவர் மனைவி செல்லாயிக்கு அது காக்காய் கரைகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. நாமக்கல் பக்கத்தில் தோட்டம் துரவு வைத்திருந்த ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டில் அப்படித்தான் பேசினார்கள். சொன்னவரும் நினைத்துச் சொன்னதில்லை, கேட்டவளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்த மறு வருஷம், தை மாதத்தில் ஒரு சந்தை நாள் காலையில் அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் அவளுடைய ஈரத் தலை. கம்பங்கூழை ஊற்றக் குனிந்தவளின் கொண்டை அவிழ்ந்து, முடி வட்டிலுக்குள் விழுந்தது. நேற்றுச் சாயங்காலத்து ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு வருஷமாகவே அவள் தலை இப்படித்தான் இருந்தது. கேட்டால் உடம்புச் சூடு என்பாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளைக்கு அப்படி என்ன சூடு என்று அவருக்கும் விளங்கவில்லை.

"நெதமும் தலைக்கு ஊத்தறதுக்கு நீயென்ன சமஞ்ச புள்ளையா? கெணத்துல போயி உழுந்து தொலை" என்று வட்டிலைத் தள்ளிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்குக் கிளம்பினார்.

செல்லாயி அங்கேயே உட்கார்ந்து கொட்டிய கூழை வழித்து நாய்க்கு வைத்தாள்.

பாதி வழியில் வலத்து எருதின் லாடம் கழன்றுவிட்டது. நொண்டுகிற எருதை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. எருதுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஊஞ்சக்காடு என்று பேர் வைத்த அவருடைய தோட்டத்துக்குத் திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் பானை இருந்தது, தீ இல்லை. "செல்லாயி" என்று கூப்பிட்டார். மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

எருதுக்குத் தண்ணீர் காட்டலாம் என்று கிணற்று மேட்டுக்குப் போனார். படி தொடங்குகிற இடத்தில் அவளுடைய சுங்கடிச் சேலை மடித்து வைத்திருந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல். கல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய வெள்ளிக் கால் காப்பு இரண்டும்.

அந்தப் பக்கத்தில் கிணற்றடியில் ஒரு பெண்ணின் காப்பு தனியாகக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபத்தில் விழுகிறவள் போட்டது போட்டபடி விழுவாள். முடிவு செய்துவிட்டு விழுகிறவள்தான் வெள்ளியைக் கழற்றி வைப்பாள், பெற்ற மகளுக்காவது ஆகட்டும் என்று. சென்னிமலை சின்ன வயதிலிருந்து இந்த மாதிரிக் கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறார். எல்லாம் வேறு வீட்டுக் கதைகள்.

காலையில் தான் சொன்ன சொல் அவர் காதிலேயே கேட்டது. "ஐயோ, நாஞ்சொன்னதுக்கா போனே" என்று ஒரு கத்தல் போட்டார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஐப்பசி மழைத் தண்ணீர் இன்னும் இறங்காமல் கருகருவென்று நின்றது. மேலே ஓர் அலைகூட இல்லை. அடுத்த நொடி அவர் குதித்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்னிமலைக் கவுண்டருக்கு நீந்தத் தெரியாது. கிணறு வைத்திருக்கிற குடியானவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் மீசை வைத்துக்கொள்வதே தப்பு. அவருடைய அண்ணன் ஒருவன் சிறுபிள்ளையில் இதே கிணற்றில் போய்விட்டான். அதன் பிறகு அவருடைய ஆத்தா இவரைப் படிப்பக்கம்கூட விடவில்லை. வளர்ந்த பிறகு அதை வெளியே சொல்ல வெட்கமாகிவிட்டது. எருது பூட்டிக் கவலை இறைக்கும்போது சால் கொட்டுகிற தொட்டியில்தான் குளிப்பார். தூர் எடுக்கிற நாளில் மேட்டில் நின்று எல்லாரையும் அதட்டுவார். "எனக்குச் சீதள ஒடம்பு, கெணத்துத் தண்ணி ஆவாது" என்று அவர் சொல்லிவந்த பொய்யை ஊரே நம்பியிருந்தது.

விழுந்த பிறகுதான் அதெல்லாம் அவருக்கு நினைவு வந்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அண்ணன் முகம் வந்தது. சரி, இரண்டு பேரும் ஒரே நாளில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு கை அவருடைய குடுமியைப் பற்றியது.

"கையக் கால ஒதறாதீங்க. சும்மா கெடங்க" என்று செத்துப்போன செல்லாயி சொன்னாள்.

பயத்தில் அவர் இன்னும் பலமாக உதறினார். அவள் குடுமியை ஒரு சுண்டு சுண்டி, முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பி, தவிட்டு மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போய்ப் படியில் சாத்தினாள். பழைய சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. அவர்தான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிக்கொண்டு கிடந்தார்.

"நீ சாவுலியா?" என்றார், பேச வந்ததும்.

"நானெதுக்குங்க சாவோணும்? நீந்தீட்டிருந்தனுங்க. அடியில மண்ணத் தொட்டுட்டு மேல வந்தா நீங்க தலைகீழா வாரீங்க."

"காப்பு?"

"கால்ல கெடந்தா கனமா இழுக்குதுங்க."

சென்னிமலைக்குப் பெண்டாட்டி செத்துப்போனது ஓர் அதிர்ச்சி என்றால், சாகாதது அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அந்த ஊரில் எந்தப் பொம்பளையும் கிணற்றுக்குள் இறங்கி நீந்தி அவர் பார்த்ததில்லை. அவரோடு இத்தனை வருஷம் ஒரே வட்டிலில் தின்றவளுக்கு இது எப்போது வந்தது, யார் கற்றுக் கொடுத்தார்கள், ஒன்றும் புரியவில்லை.

கேட்பதற்குள் மேலே ஆள் சத்தம். அடுத்த தோட்டத்துச் சின்னண்ணன் ஓடி வந்தார். சென்னிமலைக்குப் பங்காளி, வயதில் இளையவர், அந்தக் கிணற்றில் பாதிப் பங்கு உள்ளவர். கத்தல் கேட்டுத்தான் வந்திருந்தார். மேட்டில் மடித்த சேலையைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார், படியில் நனைந்து கிடந்த இருவரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, தப்பாக.

"அண்ணா, நல்ல வேளைங்ணா. நீங்க குதிச்சு எடுக்காட்டி இந்நேரம் குடும்பமே போயிருக்கும்" என்று படியிறங்கி வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

சென்னிமலை வாயைத் திறந்தார். தண்ணீர்தான் வந்தது. தண்ணீர் தீர்ந்து பேச்சு வரும் சமயத்தில், பேசாமல் இருந்தால் என்ன என்று ஒரு யோசனையும் கூடவே வந்துவிட்டது. செல்லாயியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டதைக் கண்டு அவள் ஈரத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் சென்னிமலை ஊருக்குள் பெரிய ஆளாகிவிட்டார். சின்னண்ணன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் கிணறு ஆழமாகிக்கொண்டே போனது. பாறையிடுக்கில் சிக்கிய சேலையைப் பல்லால் கிழித்து எடுத்தாராம். ஒற்றைக் கையால் நீந்தினாராம். வழியில் கண்டவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். சென்னிமலை அதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெருமைக்கு வேண்டிய கூலியை வீட்டில் செல்லாயி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்படி என்ன குறை உனக்கு என்றார்கள். சென்னிமலையின் அக்கா சென்னம்மாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து தங்கிவிட்டாள். வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் சுருட்டித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். வாசலில் இருந்த அரளிச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். செல்லாயி ஆட்டுப்பட்டிக்குப் போனால் பின்னாலேயே போனாள். சின்னண்ணன் தன் பங்குக்கு வேலம் முள்ளை வெட்டி வந்து கிணற்றுப் படியை அடைத்துக் கட்டினார்.

தனியாகப் பேச அவர்களுக்கு மாட்டுக் கொட்டகைதான் கிடைத்தது. சென்னம்மாள் குளிக்கப் போயிருந்தாள்.

"உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?" என்றார் அவர்.

"ஆட்டுக்குட்டிங்க."

மகளை மேச்சேரிக்குக் கட்டிக் கொடுத்த வருஷம், சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு கிடாக்குட்டி கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது துள்ளித் துள்ளிக் கிணற்றில் விழுந்துவிட்டது. எடுக்கப் படியிறங்கியவள் பாசி வழுக்கித் தானும் விழுந்தாள். குட்டி பாட்டுக்குக் காலை அடித்துக்கொண்டு படியைப் பார்த்து வந்தது. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தாளாம். அது அடிக்கிற மாதிரியே இவளும் கையையும் காலையும் அடித்தாள். படி கைக்கு வந்துவிட்டது.

"அன்னிக்கி ஊட்டுக்கு வந்து கை நடுங்கீட்டே இருந்துச்சுங்க. பயம்னுதான் நெனச்சேன். ராவெல்லாம் பொரண்டு பொரண்டு பாக்கறேன், பயமில்லீங்க. மறுக்காப் போவோணும்னு இருந்துச்சு." அவள் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உள்ள முங்குனா ஒரு சத்தமிருக்காதுங்க. ஒடம்புக்குக் கனமே இருக்காது. நாப்பது வருசமா எனக்கு இப்பிடி ஒண்ணு புடிக்கும்னு எனக்கே தெரியிலீங்க."

அவளுக்குப் பிடித்தது என்று சென்னிமலைக்குத் தெரிந்தது கொள்ளுப்பருப்பும், மாரியம்மன் நோம்பியும்தான். இதை அவள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பொம்பளை மாதிரி இருந்தது.

"நெசத்தச் சொல்லச் சொல்லி நாங் கேக்கலீங்க. அந்த முள்ள மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"பாக்கலாம்" என்றார்.

பார்க்கவில்லை. முள்ளை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் குடுமியில் வந்து முடியும். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. செல்லாயி தலைக்கு ஊற்றுவதை விட்டாள். கூழ் வட்டிலில் ஒரு துளி ஈரம் விழவில்லை. அவள் சாப்பிடுவது குறைந்தது. கிணற்றைப் பார்த்த சுவரோரமாக உட்கார்ந்தாள் என்றால் கூப்பிட்ட பிறகுதான் எழுவாள். அதைக் கண்டு சென்னம்மாள், பிடித்திருக்கிறது பேய்தான் என்று முடிவு கட்டிச் சேந்தமங்கலத்தில் செல்லாயியின் பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள்.

செல்லாயியின் தம்பி அருணகிரி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கொல்லிமலை அடிவாரத்தில் சாட்டையடித்துப் பேய் ஓட்டுகிற பூசாரி ஒருவர் இருப்பதாகவும், ஒரு மண்டலம் அங்கேயே வைத்திருந்து தெளிந்த பிறகு கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னான். சின்னண்ணனும் வந்திருந்தார். எல்லாரும் சென்னிமலையைப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "அவ நல்லதுக்குத்தானே" என்றார்.

செல்லாயி உள்ளே போய் இரண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் உட்கார்ந்து காலை நீட்டி, காப்பு இரண்டையும் நெளித்து நெளித்துக் கழற்றினாள். சென்னம்மாளிடம் நீட்டினாள்.

"மேச்சேரிக்குப் போறப்ப என்ற புள்ளகிட்டக் குடுத்துருங்க."

சென்னம்மாள் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். பூசாரி வீட்டில் வெள்ளி எதற்கு, பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். சென்னிமலைக்கு மட்டும் விளங்கிவிட்டது. அன்று கிணற்றடியில் அந்தக் காப்பைப் பார்த்து அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். இன்று தப்பே இல்லை. இவளை இப்படி வண்டியில் ஏற்றினால் இவள் திரும்பி வரமாட்டாள்.

"அவ போவ வேண்டாம்" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "அவ சாவறதுக்குக் கெணத்துல உழுவுல. நீந்தீட்டிருந்தா. எனக்குத்தான் நீந்தத் தெரியாது. என்னக் குடுமியப் புடிச்சு இழுத்துப் போட்டவ அவதான். எனக்குச் சீதளமும் இல்ல, ஒரு மசுரும் இல்ல. பயம்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி இந்த ஊரில் தலை தூக்க முடியாது என்று தெரிந்தே சொன்னார். ஆனால் நடந்தது வேறு. சின்னண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா பேரு கெடக்கூடாதுன்னு உங்க பேரையே கெடுத்துக்கறீங்களே மாமா. இப்பிடி ஒரு மனுசன் ஆருக்குக் கெடைப்பாங்க" என்றான் அருணகிரி.

பேசாமல் இருந்தபோது நம்பிய பொய்யை, கத்திச் சொன்னபோதும் நம்பினார்கள். "நெசமாலுமே எனக்குத் தெரியாதப்பா" என்று சென்னிமலை கெஞ்சினார். அதற்கும் தலையாட்டினார்கள்.

அவர் நேராகக் கிணற்றுப் படிக்குப் போய் வேலம் முள்ளைக் கையாலேயே பிடித்து இழுத்துப் போட்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. திரும்பி, "செல்லாயி, வா. காட்டு" என்றார்.

செல்லாயி ஒரு கணம் அவர் கையைப் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். ஓடி வந்து கட்டிப் பிடித்த அக்காளைச் சென்னிமலை விலக்கிப் பிடித்துக்கொண்டார். செல்லாயி படியில் இறங்கவில்லை. கவலை மேட்டில் ஏறி, சால் ஏறி இறங்குகிற கல்லின் நுனியில் போய் நின்றாள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்தாள்.

தண்ணீர் தெறித்தது. அலை சுவரில் முட்டித் திரும்பியது. பிறகு அடங்கியது.

சென்னம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். அருணகிரி சட்டையைக் கழற்றினான். "இரு" என்று சென்னிமலை அவனைத் தடுத்தார். அவள் காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மறுபடியும் அவர் நினைவுக்கு வந்தது. அவள் நீந்தக் குதித்தாளா, மற்றதற்குக் குதித்தாளா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவருக்குத் தெரியவில்லை. முள்ளை எடுத்தவரும் அவர்தான், காட்டு என்றவரும் அவர்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் தம்மையறியாமல் அருணகிரியை விட்டுவிட்டுத் தாமே விளிம்புக்குப் போனார்.

எதிர்ச் சுவரோரத்தில் தண்ணீர் பிளந்தது. முதலில் ஒரு கை வந்தது. இறுக மூடிய கை. பிறகு தலை. செல்லாயி மூச்சை ஊதித் தள்ளிவிட்டு, ஒற்றைக் கையால் நீந்திப் படிக்கு வந்தாள். மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள். அடிக்கிணற்றுச் சேறு. அடியைத் தொட்டுவிட்டேன் என்பதற்கு ஊர்ப் பையன்கள் அள்ளி வந்து காட்டுவார்களே, அதே கறுத்த சேறு.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருக்கிறதென்று சென்னிமலைக்கு இதுவரை தெரியாது. அவர் படியிலேயே உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார்.

சின்னண்ணன் முதலில் கிணற்றைப் பார்த்தார், பிறகு சென்னிமலையின் குடுமியைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் சரியாக விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேலையிருக்கிறது என்று நடையைக் கட்டினார். அருணகிரியின் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியது. சென்னம்மாள் மடியை அவிழ்த்துக் காப்பை நீட்டி, "போட்டுக்க அம்முணி" என்றாள்.

"இருக்கட்டுங்க. நாளைக்குந்தான் கழட்டோணும்" என்றாள் செல்லாயி.

சென்னிமலை எழுந்து போகலாமென்று பார்த்தார். சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் அவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பரண்ல காஞ்ச சொரக்குடுக்கை ஒண்ணு கெடக்குது. அதையும் கயித்தையும் எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"இடுப்புல கட்டிக்கிட்டு மெதக்கறதுக்கு. நீங்களும் கெணத்துல உழுவோணுமில்லீங்க?"

அவர் எழுந்து, முள் கிழித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அக்காவின் தலைமாட்டிலிருந்த கயிற்றை எடுக்க வீட்டுக்குள் போனார்.